உலகத் திரைவிழாக்களுக்குப் படம் செய்வது: புதிய இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரு வழிகாட்டி

"படம் முடிஞ்சிருச்சு, எந்த ஃபெஸ்டிவலுக்கு அனுப்பலாம்?" புதிதாக வருகிற இயக்குநர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டு வருஷம் தாமதமாக வருகிற கேள்வி. நாடு தாண்டி அடுத்தடுத்துப் படம் செய்கிற இயக்குநர்களையும் தயாரிப்பாளர்களையும் கவனித்துப் பாருங்கள். படம் முடியும் முன்பே, பல நேரம் ஷூட்டிங் தொடங்கும் முன்பே, விழாக்களுக்குப் படம் தேர்வு செய்கிறவர்களில் நாலு பேருக்கும் படம் விற்கிறவர்களில் ஓரிருவருக்கும் அந்தக் கதை தெரிந்திருக்கும். கதை காகிதத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன, அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இயக்குநரும் தயாரிப்பாளரும் ஒரே ஆளாக இருந்தாலும் இரண்டு பேராக இருந்தாலும் வரிசை இதேதான்.

முதலில் ஒரு குறும்படம்

முழுநீளப் படத்துக்குப் பணம் கேட்டுப் போகும்போது, இதற்கு முன் என்ன செய்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். கையில் ஒரு குறும்படம் இருந்தால் பேச்சு சுலபமாக நகரும். எழுதும்போதே நீளத்தை யோசித்துவிடுங்கள். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு டைட்டில்கள் உட்பட 15 நிமிடம்தான் உச்சவரம்பு, பெர்லினின் குறும்படப் பிரிவுக்கு 30 நிமிடம், ஆஸ்கரின் குறும்படப் பிரிவுகளுக்கு 40 நிமிடம். 17 நிமிடத்தில் நிற்கிற படத்தில் இரண்டு நிமிடத்தைக் குறைத்தால் ஒரு வாய்ப்பு கூடும், படமும் பெரும்பாலும் இன்னும் நன்றாக ஆகும். பிரான்ஸின் க்ளெர்மோன்-ஃபெராந், ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் இரண்டும் குறும்படத்துக்கென்றே நடக்கிற விழாக்கள், க்ளெர்மோனில் குறும்படம் வாங்கி விற்கிற சந்தையும் சேர்ந்தே நடக்கிறது.

எடுத்த கையோடு யூடியூபில் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் பொதுவில் வந்த படத்தைப் பல விழாக்கள் தொடுவதே இல்லை. விழாச் சுற்று முடியும் வரை பாஸ்வேர்ட் போட்ட லிங்க்காக மட்டும் வைத்திருங்கள்.

ஒரு குறும்படத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இந்திய இயக்குநர் பாயல் கபாடியாவின் பாதையைக் காட்டுவேன். 2017இல் மாணவியாக எடுத்த குறும்படம் கான் விழாவின் மாணவர் பிரிவில் இடம்பெற்றது. 2021இல் அவருடைய ஆவணப்படம் அதே கானில் இயக்குநர்களின் ஃபோர்ட்நைட் பிரிவில் திரையிடப்பட்டுச் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிசைப் பெற்றது. 2024இல் பிரதான போட்டியில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் ப்ரி. முதல் அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவே ஏழு வருஷம். விழாக்களில் படம் தேர்வு செய்கிறவர்கள் ஒரு இயக்குநரைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள், அதனால் முதல் அறிமுகம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அது சரியான இடத்தில் நடக்க வேண்டும்.

அடுத்து, லேப்

முதல் முழுநீளத் திரைக்கதையின் இரண்டாவது டிராஃப்ட் கையில் இருக்கும்போது லேப்களுக்கு, அதாவது படத்தை வளர்த்துக்கொள்ள உதவுகிற பயிற்சித் திட்டங்களுக்கு, விண்ணப்பியுங்கள். முதல் டிராஃப்டோடு போகாதீர்கள், ஐந்தாவது டிராஃப்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம், ஏனென்றால் இனி ஒரு வரியும் மாற்ற மாட்டேன் என்கிற மனநிலையில் போனால் அங்கே கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. பெர்லினாலே டேலண்ட்ஸ் ஒவ்வொரு பிப்ரவரியும் உலகமெங்கும் இருந்து சுமார் 200 பேரைத் தேர்ந்தெடுக்கிறது, அதில் இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், எடிட்டர்கள், ஒலிப்பதிவாளர்கள் எல்லோரும் உண்டு. டொரினோ ஃபிலிம் லேப் திரைக்கதையை மாதக்கணக்கில் கூடவே இருந்து வளர்க்கிறது. கான் விழா நடத்துகிற ரெசிடென்ஸ், முதல் அல்லது இரண்டாவது படம் எழுதுகிற இயக்குநர்களை பாரிஸில் நாலரை மாதம் தங்கவைத்து எழுத விடுகிறது. சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழா நடத்துகிற ஓப்பன் டோர்ஸ் சில வருஷங்களுக்கு ஒரு பிராந்தியம் என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறது, உங்கள் பிராந்தியத்தின் முறை எப்போது என்று பார்த்து வையுங்கள்.

தயாரிப்பாளர்களுக்கு ரோட்டர்டாம் லேப், ஈவ் போன்ற பயிற்சிகள் தனியாக இருக்கின்றன. இதைப் புதியவர்கள் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். இயக்குநரை வெளிநாட்டில் நாலு பேருக்குத் தெரிந்து, தயாரிப்பாளரை யாருக்கும் தெரியாவிட்டால் அந்தப் படத்துக்குப் பணம் வராது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் கணக்கு ஒப்படைக்கிறவரும் தயாரிப்பாளர்தான். இன்னொரு நாட்டுத் தயாரிப்பாளர் உங்களோடு சேர்வதற்கு முன்பு அவர் எடைபோடுவதும் அந்த ஆளைத்தான்.

கோப்பு

லேப், நிதி, சந்தை எங்கே போனாலும் கேட்பது இதே கோப்பைத்தான்: ஒற்றை வரிக் கதை, ஒரு பக்கச் சுருக்கம், ட்ரீட்மென்ட் (வசனம் இல்லாமல் கதையை விரிவாகச் சொல்வது), திரைக்கதை, இயக்குநர் குறிப்பு, தயாரிப்பாளர் குறிப்பு, பட்ஜெட், நிதித் திட்டம், முந்தைய படங்களின் லிங்க். இதில் இரண்டு இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள், அந்த இரண்டை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்.

ஒன்று, இயக்குநர் குறிப்பு. "இந்தக் கதை என்னை ஆழமாகப் பாதித்தது, மனித உறவுகளின் சிக்கலைப் பேசுகிறது" என்று எழுதினால் அதே வாக்கியத்தை அன்றைக்கு நூறாவது தடவையாகப் படிக்கிறவர் அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். உங்களுக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு, கேமரா எங்கே நிற்கப் போகிறது, ஏன் அங்கே, சத்தம் எப்படி இருக்கும், யார் நடிக்கிறார்கள், தொழில்முறை நடிகர்களா அந்த ஊர்க்காரர்களா, எவ்வளவு நாள் ஒத்திகை, இதையெல்லாம் எழுதுங்கள். "அம்மா பேசுகிற காட்சிகள் எல்லாம் கதவுக்கு வெளியிலிருந்து எடுக்கப்படும், ஏனென்றால் மகள் அவளை அப்படித்தான் கேட்டு வளர்ந்தாள்" என்று ஒரு வரி இருந்தால் படிக்கிறவர் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஒன்றரைப் பக்கம் போதும்.

இரண்டாவது, நிதித் திட்டம். பட்ஜெட் என்பது எங்கே செலவாகும் என்ற கணக்கு, நிதித் திட்டம் என்பது எங்கிருந்து வரும் என்ற கணக்கு. புதியவர்கள் முதலாவதை மட்டும் நாற்பது வரிக்கு எழுதிவிட்டு, இரண்டாவதில் "முதலீட்டாளர்கள், 100 சதவீதம்" என்று முடித்துவிடுவார்கள். அப்படி அனுப்பினால் யாரும் பதில்கூடப் போட மாட்டார்கள். சொந்த நிறுவனத்தின் முதலீடு 20 சதவீதம், உறுதியாகிவிட்டது; இயக்குநரும் தயாரிப்பாளரும் சம்பளத்தில் பின்னால் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்ட பகுதி 10, உறுதி; கேமரா வாடகை நிறுவனம் பங்காகப் போடுவது 5, கடிதம் இருக்கிறது; பிரெஞ்சுக் கூட்டாளி வழியாக வரக்கூடியது 30, விண்ணப்பம் போட்டாயிற்று; மீதி 35க்குத் தேடுகிறோம். இப்படி ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதன் நிலைமை தெரிய வேண்டும். உறுதியான பகுதி சின்னதாக இருந்தாலும் இருக்கட்டும், சுத்தமாக இல்லாமல் போகாதீர்கள். தன் நாட்டில் ஒரு பைசாவும் திரட்டாத தயாரிப்பாளருக்கு அந்நிய நாட்டுப் பணம் கிடைப்பது அரிது.

கூட்டுத் தயாரிப்பு, வேண்டுமா வேண்டாமா

வேறு நாட்டுத் தயாரிப்பாளரோடு சேர்ந்து படம் எடுப்பதுதான் கூட்டுத் தயாரிப்பு. ஒவ்வொரு நாட்டு நிதிக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவோடு சேர்ந்த ஹ்யூபர்ட் பால்ஸ் ஃபண்ட் 1988 முதல் இயங்குகிறது, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் படங்களுக்கானது. திரைக்கதை வளர்ச்சிக்கு உதவி கேட்க டச்சுத் தயாரிப்பாளர் யாரும் கூட இருக்க வேண்டியதில்லை, அதனால் புதியவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான் என்பது என் கருத்து. பெர்லினின் வேர்ல்ட் சினிமா ஃபண்ட் 2004இல் தொடங்கியது, அதற்கு ஜெர்மன் கூட்டாளி வேண்டும். பிரான்ஸின் அரசுத் திரைப்பட அமைப்பான சிஎன்சி, உலகச் சினிமாவுக்கென்று 2012 முதல் நடத்துகிற நிதிக்கு பிரெஞ்சுத் தயாரிப்பாளர் வேண்டும். பல நிதிகள் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதியைத் தங்கள் நாட்டிலேயே செலவழிக்கச் சொல்லும். அதனால்தான் எங்கோ எடுத்த படத்தின் ஒலிக்கலவை பாரிஸிலும் நிறத் திருத்தம் பெர்லினிலும் நடக்கிறது. ஒளிப்பதிவாளரோ எடிட்டரோ அந்த நாட்டுக்காரராக இருந்தாலும் கணக்கில் சேரும். எந்த வேலையை வெளியே கொடுத்தால் படம் கெடாது என்று இயக்குநர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் ஒலிக்கலவையைக் கொடுங்கள், எடிட்டிங்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாடுகளுக்கு நடுவே அரசு ஒப்பந்தம் இருந்து, அதன்படி படம் எடுத்தால், அந்தப் படம் இரண்டு நாட்டிலும் உள்நாட்டுப் படமாகவே கருதப்படும், அங்குள்ள மானியங்களுக்கும் தகுதி பெறும். அதற்குச் சிறிய பங்காளி குறைந்தபட்சம் எவ்வளவு போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். பல ஒப்பந்தங்களில் அது 10 முதல் 20 சதவீதம் வரை. ஒப்பந்த வாசகத்தை அரசு இணையதளத்திலேயே படிக்கலாம், தயாரிப்பாளர் அதை ஒரு தடவையாவது வரிவரியாகப் படித்துவிட வேண்டும்.

கூட்டாளிகளைத் தேடுகிற இடம் சந்தைதான். ரோட்டர்டாமின் சினிமார்ட் 1983 முதல் நடக்கிறது, கானிலும் பெர்லினிலும் விழாவோடு சேர்ந்து பெரிய சந்தைகள் நடக்கின்றன, தென் கொரியாவின் பூசானிலும் ஒன்று உண்டு. தேர்வான திட்டங்களுக்கு ஒரு மேசை கிடைக்கும், அரை மணிக்கு ஒருவராக வந்து உட்காருவார்கள். அந்த அரை மணியை எப்படிச் செலவழிப்பது? கதையை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுங்கள், எதிரே இருப்பவர் கோப்பை ஏற்கெனவே படித்திருப்பார். அப்புறம் தயாரிப்பாளர் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேண்டும், எப்போது ஷூட்டிங் என்று மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மீதி நேரம் முழுக்கக் கேளுங்கள். உங்கள் நாட்டில் இப்போது எந்த நிதிக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது, இதற்கு முன் சேர்ந்து செய்த படத்தில் என்ன சிரமம் வந்தது, இந்தத் திரைக்கதையில் எது புரியவில்லை என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஐந்து பேர் ஒரே காட்சியைச் சொன்னால் அந்தக் காட்சியைத் திருத்துங்கள். அன்று இரவே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே என்ன பேசினோம் என்று குறித்து வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் தனித்தனியாக மெயில் போடுங்கள்.

ஆனால் எல்லாப் படத்துக்கும் இது தேவையில்லை. கூட்டுத் தயாரிப்பு என்றால் இரண்டு மூன்று வருஷக் காத்திருப்பு, வக்கீல் செலவு, ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கணக்குத் தணிக்கை, நாணய மதிப்பு ஏறி இறங்குகிற தலைவலி. சின்னக் குழுவோடு கையில் இருக்கிற பணத்தில் எடுக்க முடிகிற கதையாக இருந்தால் எடுத்துவிடுங்கள், எடிட்டிங் நிலையில் நிதி கேட்கவும் வழி இருக்கிறது. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் 2021இல் ரோட்டர்டாமின் முதன்மைப் பரிசான டைகர் விருதை வாங்கியது, 2024இல் அவருடைய இரண்டாவது படம் பெர்லினின் ஃபோரம் பிரிவுக்குப் போனது. படம் பலமாக இருந்தால் அதுவே அடுத்ததற்குக் கதவைத் திறக்கும்.

காகிதங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வெளிநாட்டில் படத்தை வாங்குகிறவர், நிலம் வாங்குகிறவர் தாய்ப் பத்திரத்திலிருந்து பார்ப்பது போல, கதை முதலில் யாருடையது, அவரிடமிருந்து உரிமை எப்படி உங்கள் நிறுவனத்துக்கு வந்தது என்று ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்பார். கதாசிரியர், வசனம் எழுதியவர், இசையமைப்பாளர், எடிட்டர், நடிகர்கள், படம்பிடித்த இடத்தின் உரிமையாளர், எல்லோரிடமும் கையெழுத்து வேண்டும், அதில் "உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும்" என்ற வாசகம் இருக்க வேண்டும். நண்பர்தானே என்று விடாதீர்கள், நண்பராக இருக்கும்போதே வாங்குவதுதான் சுலபம்.

இசையில்தான் பெரிய சிக்கல் வரும். ஒரு காட்சியில் பின்னால் வானொலியில் பழைய பாட்டு ஒன்று இருபது விநாடி ஓடுகிறது என்று வையுங்கள். அதற்கு இரண்டு அனுமதி வேண்டும். பாட்டை எழுதி இசையமைத்ததற்கான உரிமை ஒருவரிடம் இருக்கும், அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கான உரிமை இன்னொரு நிறுவனத்திடம் இருக்கும், இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். விழாக்களுக்கு மட்டும் என்று மலிவாக வாங்கினால், படம் விற்கிற நாளில் அவர்கள் சொல்கிற விலைதான் விலை. அந்த வானொலிப் பாட்டோடு நடிகர்கள் வாயசைத்துப் பாடிவிட்டால் பாட்டை மாற்றவும் முடியாது. அதனால் ஷூட்டிங்குக்கு முன்பே உரிமையை வாங்கிவிடுங்கள், அல்லது உங்கள் இசையமைப்பாளரையே பழைய பாணியில் ஒன்று செய்யச் சொல்லுங்கள்.

ஷூட்டிங்கின்போது

இங்கே சில விஷயங்கள் மட்டும். ஸ்டில் போட்டோகிராபருக்கு ஒரு வாரத்துக்காவது பணம் ஒதுக்குங்கள். விழா மலரிலும் பத்திரிகையிலும் போவது ஒரே ஒரு படம்தான், வீடியோவிலிருந்து எடுத்த ஃப்ரேம் பெரிதாக அச்சிட்டால் மங்கிவிடும். திரையரங்கில் ஓட்டுகிற டிஜிட்டல் பிரதியான டிசிபி விநாடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் எளிதாகப் போகும், அதனால் 24இலேயே எடுங்கள். எழுத்து எதுவும் இல்லாத சுத்தமான காட்சிப் பிரதியையும், வசனம் நீக்கிய இசை மற்றும் ஒலித் தடத்தையும் கடைசி ஒலிக்கலவை நாளிலேயே எடுத்து வையுங்கள். டப்பிங் செய்து வெளியிடுகிற நாடுகள் இதைக் கட்டாயம் கேட்கும், ஒரு வருஷம் கழித்துத் திரும்பச் செய்யப் போனால் செலவு இரட்டிப்பாகும். வேறு நாட்டில் படம்பிடிக்கப் போனால் கருவிகளுக்கு ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் செல்லும், அதை ஏற்கும் நாடுகளில் சுங்க வரி கட்டாமல் கொண்டுபோய்க் கொண்டுவரலாம்.

சப்டைட்டிலை மலிவாக முடிக்காதீர்கள். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு உங்கள் வசனம் என்பதே அதுதான். ஒரு வரிக்கு சுமார் 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, ஆனால் உங்கள் மொழி தெரியாத ஒருவரைப் படத்தோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள், எங்கே முகம் சுளிக்கிறாரோ அங்கே திருத்தம் தேவை.

பிரீமியரை வீணாக்காதீர்கள்

ஒரு படத்துக்கு உலக பிரீமியர், அதாவது உலகில் முதல் பொதுத் திரையிடல், ஒரே தடவைதான். வெனிஸ், கான், பெர்லின் போட்டிப் பிரிவுகளுக்குப் படம் வேறு நாட்டு விழாவில் ஏற்கெனவே ஓடியிருக்கக் கூடாது. யாரும் கேள்விப்படாத, விண்ணப்பக் கட்டணத்துக்காகவே நடக்கிற ஒரு விழா, அனுப்பிய மூன்றாம் நாள் "தேர்வாகிவிட்டது" என்று சொன்னால் சந்தோஷப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஓடிய பிறகு பெரிய கதவுகள் சாத்திக்கொள்ளும்.

வருஷ அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: ஜனவரியில் சன்டான்ஸ், ஜனவரி இறுதியில் ரோட்டர்டாம், பிப்ரவரியில் பெர்லின், மே மாதம் கான், ஆகஸ்டில் லொகார்னோ, ஆகஸ்ட் இறுதியில் வெனிஸ், செப்டம்பரில் டொரோன்டோ. கான் தேர்வுகள் ஏப்ரல் நடுவில் அறிவிக்கப்படுகின்றன, அங்கே இடமில்லை என்று தெரிந்ததும் லொகார்னோவுக்கும் வெனிஸுக்கும் நேரம் இருக்கும். முதல் படம் என்றால் பிரதானப் போட்டியை மட்டும் குறிவைக்காதீர்கள். கானில் கிரிட்டிக்ஸ் வீக் முதல், இரண்டாவது படங்களுக்கு மட்டுமே உரியது, வெனிஸில் ஒரிசோந்தி, பெர்லினில் ஃபோரம் என்று பக்கப் பிரிவுகள் இருக்கின்றன. முதல் படமாக இருந்தால் கானின் அதிகாரபூர்வத் தேர்விலோ, கிரிட்டிக்ஸ் வீக்கிலோ, இயக்குநர்களின் ஃபோர்ட்நைட்டிலோ ஓடினால், சிறந்த முதல் படத்துக்கான கேமரா டோர் விருதுக்குத் தகுதி உண்டு.

எடிட் முடியாத பிரதியை அனுப்பலாம், பலரும் அனுப்புகிறார்கள், ஆனால் கதையின் ஓட்டம் முடிவாகியிருக்க வேண்டும். நிறத் திருத்தமும் ஒலியும் பாக்கி என்றால் பொறுத்துக்கொள்வார்கள். இன்னும் இருபது நிமிடம் குறைக்கப் போகிறேன் என்ற நிலையில் அனுப்பினால், பார்த்தவர் அந்த நீளமான படத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பார், இரண்டாவது தடவை பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.

சேல்ஸ் ஏஜென்ட்

நாடுவாரியாகப் படத்தை விற்பவர் இவர். நல்ல ஏஜென்ட் விழாத் தேர்வாளர்களிடம் நேரடியாகப் பேசக்கூடியவர், அதனால் முடிந்தால் பிரீமியருக்கு முன்பே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தைப் போன்ற படங்களை யார் விற்றார்கள் என்று கடைசி மூன்று வருஷ விழாப் பட்டியல்களில் பாருங்கள், படத்தின் பெயருக்குக் கீழேயே போட்டிருப்பார்கள். அதில் ஐந்து பெயரை எடுத்து அவர்களுக்கு மட்டும் எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் கமிஷன் பொதுவாக 20 முதல் 30 சதவீதம். புதியவர்கள் அந்த எண்ணை வைத்தே பேரம் பேசுவார்கள், பக்கத்திலேயே இருக்கிற செலவு வரியைப் படிக்க மாட்டார்கள். போஸ்டர், சந்தையில் ஸ்டால், விமான டிக்கெட் எல்லாம் வசூலிலிருந்து முதலில் கழிக்கப்படும், அதற்கு உச்சவரம்பு எழுதாவிட்டால் படம் ஆறு நாட்டில் விற்றும் உங்களுக்கு ஒன்றும் வராமல் போகலாம். உச்சவரம்பு எழுதுங்கள், அதற்கு மேல் செலவு செய்ய உங்கள் எழுத்து அனுமதி வேண்டும் என்று போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கறிக்கை, கணக்கைத் தணிக்கை செய்கிற உரிமை, ஒப்பந்தக் காலம், ஏஜென்ட் நிறுவனம் மூடினால் உரிமை தானாக உங்களுக்குத் திரும்புகிற ஷரத்து, இவை எல்லாம் இருக்கட்டும். சொந்த நாட்டு உரிமையை முடிந்தவரை உங்கள் கையிலேயே வையுங்கள். பிரீமியருக்குப் பிறகு மற்ற விழாக்கள் திரையிடக் கட்டணம் தரும், அதில் யாருக்கு எவ்வளவு என்பதையும் எழுதிவிடுங்கள். கூட்டாளிகள் மூன்று நான்கு பேர் இருந்தால் வசூல் நேராக ஒரு பொதுக் கணக்கில் விழுந்து அங்கிருந்து ஒப்பந்தப்படி பிரிகிற ஏற்பாடு இருக்கிறது, அதைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது அங்கேயே வரி பிடிப்பார்கள், இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தால் வசிப்பிடச் சான்றிதழ் கொடுத்துக் குறைக்கலாம்.

தேர்வான பிறகு

விசா, டிசிபி சோதனை, பத்திரிகைத் தொடர்பாளர் என்று நாலு வாரம் ஓடிப்போய்விடும். விழாவின் அழைப்புக் கடிதம் வந்த அன்றே விசாவுக்கு விண்ணப்பியுங்கள். டிசிபியை அனுப்பும் முன் ஒரு திரையரங்கில் முழுதாக ஓட்டிப் பாருங்கள், சப்டைட்டில் கடைசி ரீல் வரை ஒத்துப் போகிறதா என்று. பணம் ஓரிடத்தில்தான் செலவழிக்க முடியும் என்றால் பார்ட்டியை விட்டுவிட்டுப் பத்திரிகைத் தொடர்பாளருக்குக் கொடுங்கள், முதல் இரண்டு நாளில் வருகிற விமர்சனம்தான் வாங்குகிறவர்கள் கையில் போகும்.

திரையிடல் முடிந்து வெளியே வந்ததும் கை கொடுக்கிற எல்லோரும் கேட்பது அடுத்து என்ன என்றுதான். அதற்குப் பதில் சொல்லத் தயாராகப் போங்கள்: அடுத்த படத்தின் ஒரு பக்கச் சுருக்கம், எந்த நிலையில் இருக்கிறது, எந்த மாதம் திரைக்கதை தயாராகும், தயாரிப்பாளர் யார். அந்தப் பக்கத்தைப் பிரீமியருக்கு ஒரு மாதம் முன்பே எழுதி, ஆங்கிலத்தில் சரிபார்த்து, போனில் பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும், அடுத்த வாரம் அவர் வேறொரு விழாவில் இருப்பார்.